கரித்துகளில் ஏறிய குரல்

1881-ஆம் ஆண்டு ஜனவரியில் உருவான ஓரியண்டல் தொலைபேசி நிறுவனம், அலெக்சாண்டர் கிரஹாம் பெல், தாமஸ் ஆல்வா எடிசன் ஆகிய இருவருடைய காப்புரிமைகளையும் கீழை நாடுகளில் பயன்படுத்தும் உரிமையுடன் இந்தியாவுக்கு வந்தது. அது கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் அமைத்த தொலைபேசி நிலையங்கள் முறைப்படி திறக்கப்பட்டதாக 1882 ஜனவரி 28 அன்று அறிவிக்கப்பட்டது. தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் பெல் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும்போது, அந்நிறுவனத்துக்கு எடிசனின் உரிமையும் எதற்காகத் தேவைப்பட்டது என்ற கேள்வி எழுகிறது. காதில் வைத்துக் கேட்கும் முனையைப் பெல் தொடக்கத்திலேயே ஏறக்குறைய முழுமையாக அமைத்துவிட்டார் என்பதும், வாயருகே வைத்துப் பேசும் முனையோ, அதாவது டிரான்ஸ்மிட்டரோ, அவர் கையில் கடைசிவரை சரியாக அமையவில்லை என்பதுமே அதற்கு விடை. அந்தப் பேசும் முனையைச் சீர்செய்யும் வேலை பலர் கைமாறி ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீடித்தது.

1876 மார்ச் 10 அன்று பாஸ்டனில் பெல் தம் உதவியாளர் வாட்சனை அழைத்துப் பேசிய கருவியின் பேசும் முனையில் திரவம் இருந்தது. இறுக்கிக் கட்டிய சவ்வின் நடுவில் பொருத்திய ஊசியின் நுனி அமிலம் கலந்த நீரைத் தொட்டுக்கொண்டிருக்க, குரலுக்கேற்பச் சவ்வு அதிரும்போது நுனி சற்றே ஆழ்ந்தும் சற்றே மேலெழுந்தும் சுற்றின் மின்தடையை மாற்றியது. எலிஷா கிரே என்பவர் அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று காப்புரிமை அலுவலகத்தில் அளித்த குறிப்பிலும் இதையொத்த அமைப்பு இருந்ததால், யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்ற வழக்காடல் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. எப்படியிருந்தாலும், அமிலக் கிண்ணத்தை அலுவலக மேசைமேல் வைத்துக்கொண்டு வியாபாரம் பேச முடியாது என்பதால் பெல் அதைக் கைவிட்டு, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட கருவியையே பேசுவதற்கும் கேட்பதற்கும் பயன்படுத்தலானார். அதில் மின்கலமே தேவையில்லை. காந்தத்தின் முன் இரும்புத் தகடு அதிர்வதால் எழும் மின்னோட்டமே கம்பியில் செல்லும். ஆனால் மனிதக் குரலின் ஆற்றல் மிகச் சொற்பமானது. அதிலிருந்து பிறக்கும் மின்னோட்டம் அதனினும் சொற்பமாகி, சிறிது தொலைவிலேயே தேய்ந்துவிடும். முதல் தொலைபேசிகளில் மனிதர்கள் கத்திப் பேசியதற்குக் காரணம் இதுவே.

குரலை மின்சாரமாக மாற்ற முயல்வதைவிட, மின்கலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைக் குரல் கூட்டிக் குறைக்கும்படி செய்வது நல்லது என்ற எண்ணத்தில்தான் திருப்பம் நிகழ்ந்தது. தொட்டி நிறைய நீர் இருக்கும்போது குழாயைத் திருகும் விரலுக்கு அதிக வலு வேண்டியதில்லை என்பதைப் போல, மெல்லிய குரலும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்க இயலும். பெல்லின் திரவக் கருவியிலும் இந்த எண்ணமே இருந்தது. ஆனால் திரவத்துக்கு மாற்றாக, சிந்தாத, கெடாத, எளிதில் கிடைக்கும் ஒரு பொருளைத் தேடிக் கண்டது எடிசனின் பங்கு. 1877-இல் அவர் பல பொருள்களைச் சோதித்து, கண்ணாடி விளக்கின் சிம்னியில் படியும் புகைக்கரியை அழுத்திச் செய்த சிறு வில்லையைத் தேர்ந்தார். அதிர்தகடு வில்லையை அழுத்தும்போது மின்தடை குறைந்தது, தளரும்போது கூடியது. கரிப்பொருள் முழுவதுமே அழுத்தத்தால் மாறுகிறது என்று எடிசன் கருதினார். உண்மையில் மாற்றம் பெரும்பாலும் கரியும் உலோகமும், கரியும் கரியும் ஒன்றையொன்று தொடும் நுண்புள்ளிகளில் நிகழ்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. விளக்கம் தவறாக இருந்தும் கருவி சரியாக இருந்தது. பொறியியல் வரலாற்றில் இது அபூர்வமன்று.

எடிசனின் மற்றொரு திருத்தம் வெளியில் அதிகம் பேசப்படாதது. ஆயினும் கரி வில்லையைவிட அதுவே முக்கியமானது என்று சொல்லத் தோன்றுகிறது. கரி வில்லையை நேரே நீண்ட கம்பியில் இணைத்தால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். கம்பியும் எதிர்முனைக் கருவியும் சேர்ந்து 1000 ஓம் மின்தடை கொண்டவை என்றும், பேச்சினால் வில்லையில் ஏற்படும் மாற்றம் 5 ஓம் என்றும் கொண்டால், மொத்த மாற்றம் நூற்றில் அரைப்பங்குதான். மின்னோட்டமும் அவ்வளவே அசையும். அதே வில்லையை ஒரு மின்கலத்துடனும் சில சுற்றுக் கம்பிச்சுருளுடனும் 10 ஓம் அளவிலான தனிச் சிறு சுற்றில் வைத்தால், அதே 5 ஓம் மாற்றம் பாதியளவு ஆகிவிடுகிறது. அந்தச் சிறு சுற்றின் சுருளைச் சூழ்ந்து பல நூறு சுற்றுகள் கொண்ட இரண்டாவது சுருளை அமைத்து அதைக் கம்பிப் பாதையில் இணைத்தால், மின்மாற்றியில் நடப்பதைப் போலவே, குரலின் ஏற்ற இறக்கங்கள் உயர்ந்த மின்னழுத்தமாகித் தொலைவுக்குச் செல்லும். இந்தத் தூண்டு சுருள் வந்த பிறகே தொலைபேசி ஓர் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாராளமாகப் பேசும் சாதனமாயிற்று. 1877 ஏப்ரலில் எடிசன் விண்ணப்பித்த கரி டிரான்ஸ்மிட்டர் காப்புரிமை, வழக்குகளில் சிக்கி, 1892-இல்தான் அவருக்குக் கிடைத்தது.

எமில் பெர்லினர் என்ற ஜெர்மானிய இளைஞர் தளர்வான தொடுமுனையைப் பற்றிய குறிப்பை எடிசனுக்குச் சில நாள்கள் முன்பே பதிந்திருந்தார். டேவிட் ஹியூஸ் 1878-இல் லண்டனில், இரண்டு ஆணிகளை இணையாகக் கிடத்தி அவற்றின்மேல் மூன்றாவது ஆணியைக் குறுக்கே வைத்தாலே ஒலி மின்னோட்டத்தில் ஏறிவிடும் என்று காட்டி, அதற்குக் காப்புரிமை எதுவும் கோராமல் விட்டுவிட்டார். பிரான்சிஸ் பிளேக்கின் கருவியில் பிளாட்டினக் குமிழ் ஒன்று வில்லின் உதவியால் கரிக்கட்டியின்மேல் இலேசாக அழுந்தியிருந்தது. பேச்சு தெளிவாகக் கேட்டதால் பெல் நிறுவனம் பல ஆண்டுகள் அதையே நகர இணைப்புகளுக்குக் கொடுத்தது. ஆனால் ஒரே ஒரு தொடுபுள்ளியின் வழியே மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது பொறி பறந்து கருகும் என்பதால், அந்தக் கருவி நெடுந்தொலைவுக்கு உதவவில்லை.

தொடுபுள்ளி ஒன்றாக இருப்பதே குறை என்றால் ஆயிரமாகப் பெருக்கிவிடலாமே என்று நினைத்தவர் பொறியாளர் அல்லர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு கிராமத் திருச்சபையில் துணைக் குருவாக இருந்த ஹென்றி ஹன்னிங்ஸ். 1878-இல் அவர் அதிர்தகட்டுக்கும் பின்தகட்டுக்கும் இடையே கரித்துகள்களைத் தளர்வாக நிரப்பினார். துகளுக்குத் துகள் தொடும் எண்ணற்ற புள்ளிகளில் மின்னோட்டம் பகிர்ந்து சென்றதால், கருகும் அச்சமின்றி வலுவான மின்னோட்டத்தைச் செலுத்த முடிந்தது, குரலும் பெருத்தது. ஆனால் அதிர்வாலும் வெப்பத்தாலும் துகள்கள் அடியில் படிந்து இறுகிவிட்டால் கருவி ஊமையாகிவிடும். அப்போது பெட்டியைத் தட்டியோ குலுக்கியோதான் உயிர்ப்பிக்க வேண்டும். 1890-இல் அமெரிக்காவின் அந்தோணி வைட் இதற்கு ஒரு வழி கண்டார்: மெருகேற்றிய இரண்டு கரி வட்டுகள் எதிரெதிரே நிற்கும் சிறிய அறையில் துகள்களை அடைத்து, முன்வட்டை அதிர்தகட்டுடன் பிணைத்து, பின்வட்டை அசையாத கனத்த உலோகப் பாலத்தில் பொருத்தினார். வட்டுகளின் விளிம்பைச் சுற்றித் துகள்கள் புரள இடம் இருந்ததால், அவை இறுகுவது வெகுவாகக் குறைந்தது. எனினும் துகள்களின் நிலை கருவியின் சாய்வைப் பொறுத்து மாறுமென்பதால், பேசும் முனையை நிமிர்ந்த தண்டின் உச்சியில் நிலையாக வைத்து, கேட்கும் முனையை மட்டும் கையில் எடுக்கும் வடிவம் அமெரிக்காவில் நெடுநாள் நிலைத்தது. இரு முனைகளும் ஒரே பிடியில் அமைந்து, எப்படிச் சாய்த்தாலும் பேச உதவும் கருவியை அங்கே பெல் நிறுவனம் 1927-இல்தான் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது.

இந்தியாவில் இந்தக் கரித்துகள் முனையின் வாரிசு, பெங்களூரில் 1948-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. எனும் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையின் கறுப்புக் கருவிகளில் வீடுதேடி வந்தது. சென்னையை அடுத்த ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த காலத்தில், அங்குள்ள பட்டறைகளின் அலுவலக மேசைகளில் தொலைபேசி என்றால் பெரும்பாலும் இந்தக் கறுப்புக் கருவிதான். பேசும் பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினால், நாணயத்தைவிடப் பெரிய உலோக வில்லை ஒன்று கையில் விழும். அதற்குள் கரித்துகள்கள் சரசரப்பதைக் காதாலேயே கேட்கலாம். இதற்கு வீட்டில் மின்கலம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே இரட்டைக் கம்பியில் வந்துவிடும். ஈரப்பதத்தாலும் பழமையாலும் துகள்கள் இறுகி இரைச்சல் எழும்போது பிடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வது அந்தத் தலைமுறைக்குப் பழக்கமாயிருந்தது. ஹன்னிங்ஸின் துகள்கள் தந்த தொல்லை 100 ஆண்டுகளாகியும் முற்றும் நீங்கவில்லை.

தொலைபேசிக் கம்பி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளையே கொண்டுசெல்லும்படி அமைக்கப்பட்டதும், கரித்துகள் தன் பங்குக்குக் குரலைச் சற்றுக் கரகரப்பாக்கியதும் சேர்ந்து, பேச்சில் சில ஒலிகளை மங்கச் செய்தன. காற்று சீறும் ஒலிகளின் அடையாளம் அந்த எல்லைக்கு மேலேதான் பெரும்பாலும் இருப்பதால், பெயருக்கு முன் தலைப்பெழுத்து வைக்கும் தமிழர் வழக்கம் தொலைபேசியில் தனிச் சிக்கலை உண்டாக்கியது. எஸ். குமாரா, எஃப். குமாரா என்பது கம்பியில் பிரிவதில்லை. ஆகவேதான் தலைப்பெழுத்தோடு ஓர் ஊர்ப்பெயரையோ பொருளின் பெயரையோ சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இத்தனை குறைகளோடும் கரி டிரான்ஸ்மிட்டர் நிலைத்ததற்குக் காரணம், அது வாங்கும் ஒலியாற்றலைவிடப் பன்மடங்கு மின்னாற்றலைக் கொடுக்கும் என்பதே. வேறெந்தப் பெருக்கியும் இல்லாத காலத்தில் அதுவே ஒரு பெருக்கியாகவும் வேலை செய்தது. டிரான்சிஸ்டர் மலிவான பிறகே அந்தச் சிறப்புக்கு மதிப்புக் குறைந்தது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய எலக்ட்ரெட் ஒலிவாங்கி, நிலையாக மின்னேற்றம் பெற்ற மென்படலத்தைக் கொண்டது. அதன் சன்னமான வெளியீட்டை ஒரு சிறு டிரான்சிஸ்டர் பெருக்கிவிட, கரிவில்லைகள் தொலைபேசியிலிருந்து மறைந்தன. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கைபேசிகளில் கரித்துகளுக்கு இடமே இருக்கவில்லை.

எடிசனின் தனிச்சுற்று அமைப்பு மட்டும் ரயில்வேயில் நெடுங்காலம் பிழைத்திருந்தது. ரயில்வே கேட்டுக்கும் பக்கத்து நிலையத்துக்கும் இடையே, கைப்பிடியைச் சுழற்றி மணியடித்து, பெட்டிக்குள்ளேயே உள்ள மின்கலத்தின் துணையால் பேசும் மேக்னெட்டோ தொலைபேசிகள் பயன்பட்டன. அம்பத்தூர், ஆவடி வழியே 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம்–வாலாஜா தடத்தைப் போன்ற பழைய பாதைகளின் கேட்டுகளுக்கும் இத்தகைய தொலைபேசியே துணையாயிருந்தது. நகரத் தொலைபேசி நிலையத்தின் மின்சாரத்தையோ அதன் பழுதையோ இது பொருட்படுத்தாது. வண்டி வருவதைச் சொல்லி, கேட்டை மூடும்படி நிலைய அதிகாரி கேட்டால், கேட் கீப்பர் மூடிப் பூட்டிய பிறகு தம்மிடமுள்ள தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். அந்த எண் பதிவேட்டில் ஏறிய பிறகே வண்டிக்கு வழிவிடப்படும். கேட் மூடியதற்கு அதிகாரியிடம் உள்ள உறுதி அந்த எண் ஒன்றே என்பதால், அதைக் கேட்டவர் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வதும் நடைமுறையின் பகுதியாயிற்று.