வெளிப் பட்டறையில் ஆயில் ஃபில்டர் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

பூன் லே, ஜூரோங் வெஸ்ட் வட்டாரக் குடியிருப்பாளர்கள் வாகனப் பட்டறை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஜூரோங் தொழிற்பேட்டைப் பக்கம் சற்று நேரம் ஓட்டினால் போதும். ஆனாலும், புதிய கார் வாங்கிய பலர் அந்தப் பட்டறைகளின் வாசலை மிதிப்பதே இல்லை. "வெளியே ஆயில் ஃபில்டர் மாற்றினால் வாரண்டி போய்விடும்" என்ற பேச்சுதான் காரணம்.

அந்தப் பேச்சை நம்பி, காரை விற்ற நிறுவனத்தின் பட்டறைக்கே ஒவ்வொரு முறையும் செல்பவர்கள் ஒரு பக்கம். "அதெல்லாம் சும்மா மிரட்டல்" என்று சொல்லி, ரசீதுகூட வாங்காமல் கைக்குக் கிடைத்த ஃபில்டரைப் போட்டு ஓட்டுபவர்கள் மறுபக்கம். இரு தரப்பினருக்கும் பாதி விவரம்தான் தெரிந்திருக்கிறது.

முழு விவரம் இதுதான். வெளிப் பட்டறையில் பராமரிப்புப் பணி செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் உத்தரவாதத்தை ரத்து செய்யும் விதிமுறையைச் சிங்கப்பூரின் முக்கிய கார் விற்பனை நிறுவனங்கள் நீக்கிவிட்டன. ஆனால், அந்த ஃபில்டரோ அதைப் பொருத்திய விதமோ எஞ்சினைச் சேதப்படுத்தினால், அந்தச் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆகவே, பழுது வரும்போது "எங்கே மாற்றினீர்கள்?" என்பதைவிட "எதனால் பழுதானது?" என்ற கேள்விதான் முக்கியம்.

2017ல் மாறிய விதி

முன்பு பல உத்தரவாதக் கையேடுகளில் ஒரு நிபந்தனை இருந்தது. காரை விற்ற நிறுவனம் நியமித்த பட்டறையில் மட்டுமே பராமரிப்பு, பழுதுபார்ப்புப் பணிகளைச் செய்யவேண்டும். வேறு இடத்துக்குப் போனால் உத்தரவாதம் செல்லாது என்பதே அது.

கார் உதிரிபாகச் சந்தையை ஆராய்ந்த சிங்கப்பூர் போட்டித்தன்மை ஆணையம், இந்த நிபந்தனை தனிப்பட்ட பட்டறைகளின் பிழைப்பைப் பாதிப்பதோடு கார் உரிமையாளர்களின் தெரிவையும் சுருக்குகிறது என்று கருதியது. ஆணையம் தலையிட்டதைத் தொடர்ந்து முக்கிய விற்பனை நிறுவனங்கள் அந்த நிபந்தனையை நீக்கின. 2017 டிசம்பரில் ஆணையம் இதை அறிவித்தது. பயனீட்டாளர் பாதுகாப்புப் பொறுப்பும் சேர்ந்ததால் 2018 ஏப்ரல் முதல் அதன் பெயர் சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் என்று மாறியது.

வெளிப் பட்டறையின் வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அதற்கான கோரிக்கையை நிராகரிக்க நிறுவனங்களுக்கு இன்னமும் இடமுண்டு. மேலும், ஆணையத்தின் ஆய்வு கார்களைப் பற்றியது. மோட்டார்சைக்கிள் வைத்திருப்போரும், தனியாகப் பணம் கட்டி நீட்டிப்பு உத்தரவாதம் வாங்கியோரும் தங்கள் கையேட்டின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. வாடகைக் கார் ஓட்டுவோரின் நிலை வேறு. கார் அவர்களுக்குச் சொந்தமானதன்று என்பதால், எங்கே பராமரிக்க வேண்டும் என்பதை வாடகை ஒப்பந்தமே முடிவு செய்யும்.

சின்ன டப்பா, பெரிய வேலை

ஆயில் ஃபில்டருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? எஞ்சின் ஓடும்போது உலோகப் பாகங்கள் உரசி நுண்துகள்கள் உதிர்கின்றன. எரிபொருள் எரிவதால் கரி சேர்கிறது. இவை எஞ்சின் ஆயிலில் கலந்து சுற்றும்போது, பேரிங் போன்ற நுண்ணிய பாகங்களை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அந்தத் துகள்களைப் பிடித்து வைப்பதே ஃபில்டரின் வேலை.

வெளியே தெரிவது ஒரு தகர டப்பா. உள்ளே மடிப்பு மடிப்பாக வடிதாள் இருக்கும். பல ஃபில்டர்களில் இரண்டு சிறு வால்வுகளும் உண்டு. எஞ்சினை நிறுத்திய பிறகு ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடாமல் ஒன்று தடுக்கும். வடிதாள் அடைபட்டால் எஞ்சினுக்கு ஆயில் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக மற்றொன்று மாற்று வழி திறக்கும். அது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஆகவே, மரை சரியாகப் பொருந்திவிட்டது என்பதால் அது உங்கள் வண்டிக்கான ஃபில்டர்தான் என்று சொல்லிவிட முடியாது.

பொருத்தும் விதமும் முக்கியம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை மாட்டினால், இரண்டு வளையங்களுக்கு இடையே ஆயில் பீறிட்டு வெளியேறக்கூடும். ஆயில் இல்லாமல் எஞ்சின் வெகுநேரம் தாங்காது. ஃபில்டரின் விலை சில வெள்ளிதான். எஞ்சின் இறுகிப் போனால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

மாற்றுப் பொருள் வேறு, போலி வேறு

கார் நிறுவனத்தின் முத்திரையோடு விற்கப்படும் ஃபில்டரை 'ஒரிஜினல்' என்கிறோம். பெரும்பாலும் கார் நிறுவனங்கள் அவற்றைத் தாமே தயாரிப்பதில்லை. உதிரிபாக நிறுவனங்களிடம் வாங்குகின்றன. பாஷ், மாலே, மான் ஹம்மல், டென்சோ போன்றவை கார் நிறுவனங்களுக்கும் பாகங்கள் கொடுக்கின்றன, தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கின்றன. இப்படிச் சொந்தப் பெயரில் வருவதே மாற்று ஃபில்டர். அது தரம் குறைந்தது என்று அர்த்தமில்லை. உங்கள் வாகன மாடலுக்கு உரியதா என்பதைப் பாக எண்ணை வைத்துச் சரிபார்க்க முடியும்.

போலி என்பது முற்றிலும் வேறு. பிரபல நிறுவனத்தின் பெட்டியையும் முத்திரையையும் நகலெடுத்து, உள்ளே மட்டமான வடிதாளை வைத்து விற்பது அது. சந்தை விலையைவிட மிகக் குறைவாக இணையத்தில் விற்கப்படும் 'ஒரிஜினல்' ஃபில்டரை ஒருமுறைக்கு இருமுறை யோசித்து வாங்கவேண்டும். மாற்றுப் பொருளுக்கு அதைத் தயாரித்த நிறுவனம் பதில் சொல்லும். போலிக்குப் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

மூன்று சூழ்நிலைகள்

ஒருவர் வெளிப் பட்டறையில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் கழித்து காரின் ஏர்கான் கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது. ஆயில் ஃபில்டருக்கும் ஏர்கானுக்கும் தொடர்பில்லை. ஃபில்டரைக் காரணம் காட்டி ஏர்கான் கோரிக்கையை மறுப்பது பொருந்தாது.

இரண்டாவது சூழ்நிலையில், எஞ்சினின் பேரிங் தேய்ந்துபோகிறது. பிரித்துப் பார்த்தால், ஃபில்டரின் வடிதாள் கிழிந்து ஆயில் வழியை அடைத்திருக்கிறது. இங்கே நிறுவனம் மறுத்தால் அதில் நியாயம் உண்டு. வண்டியின் உரிமையாளர் நட்டஈடு கேட்கவேண்டியது ஃபில்டரை விற்றவரிடமும் பொருத்திய பட்டறையிடமும்தான்.

மூன்றாவதுதான் பலரும் சிக்கிக்கொள்ளும் சூழ்நிலை. ஃபில்டர் நல்லது, பட்டறையும் நல்லது. ஆனால், எப்போது மாற்றினார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. குறித்த கிலோமீட்டரிலோ குறித்த மாதத்திலோ பராமரிப்புச் செய்திருக்க வேண்டும் என்பது உத்தரவாதத்தின் அடிப்படை நிபந்தனை. செய்ததை நிரூபிக்க முடியாதபோது, செய்யாததாகவே கணக்கில் கொள்ளப்படலாம்.

அமெரிக்காவிலும் இந்தியாவிலும்

இந்த இழுபறி சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1975ல் இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் என்று பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடுத்தாலோ, அரசாங்க அமைப்பிடம் விலக்குப் பெற்றாலோதான் விதிக்கலாம். வெளியார் பாகங்களைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் போய்விடும் என்று வாடிக்கையாளர்களிடம் கூறியதற்காக ஹார்லி டேவிட்சன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தின் மீது 2022 ஜூனில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

இந்தியாவில் 2011ல் தனிமனிதர் ஒருவர் மூன்று கார் நிறுவனங்கள் மீது அளித்த புகார் பெரிய வழக்காக வளர்ந்தது. 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகி, டாடா, மகிந்திரா, டொயோட்டா உள்ளிட்ட 14 நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவும், வெளிப் பட்டறைக்குப் போனதற்காக மட்டும் உத்தரவாதத்தை ரத்து செய்வதை நிறுத்தவும் அது உத்தரவிட்டது. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்

வெளிப் பட்டறைக்குச் செல்ல விரும்பும் வாகன உரிமையாளர்கள் சில பழக்கங்களைக் கடைப்பிடிப்பது நல்லது.

முதலாவதாக, கையேட்டில் சொன்ன இடைவெளியைத் தாண்ட வேண்டாம். கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதையே கணக்கில் கொள்ளவேண்டும்.

இரண்டாவதாக, ரசீதில் வாகன எண், தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் வகை, ஃபில்டரின் பெயர், பாக எண் ஆகிய அனைத்தும் இருக்கட்டும். "சர்வீசிங்" என்று ஒரே சொல்லில் எழுதிய ரசீது பின்னாளில் உதவாது.

மூன்றாவதாக, ஃபில்டரை மாட்டும் முன் அதன் பெட்டியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். காகித ரசீதின் மை மங்கிவிடும் என்பதால் அதையும் படமெடுப்பது நல்லது.

நான்காவதாக, ஜோகூர் பாருவில் மலிவாக முடியும் என்று பாலத்தைத் தாண்டுவோரும் முழு விவரத்துடன் ரசீது கேட்டு வாங்கவேண்டும். அங்குள்ள பட்டறையோடு தகராறு வந்தால், இங்கிருந்து அதைத் தீர்ப்பது எளிதல்ல என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, விற்பனை நிறுவனம் தரும் இலவசப் பராமரிப்புத் திட்டம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். காரின் விலையிலேயே அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்பீர்கள்.

கோரிக்கையை மறுத்தால்

"வெளியே செய்தீர்கள், அதனால் முடியாது" என்று வாய்மொழியாகச் சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். எந்தப் பாகம் எதனால் பழுதானது, அதற்கும் ஃபில்டருக்கும் என்ன தொடர்பு என்று எழுத்துபூர்வமாக விளக்கம் கேளுங்கள். மாற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். தேவைப்பட்டால் வேறொரு மெக்கானிக்கிடம் காட்ட அது வேண்டும்.

பேச்சில் தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அடுத்த படி சிறு உரிமைகோரல்கள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும். வழக்கறிஞர் இன்றி நாமே வாதாடலாம்.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள 'லெமன்' சட்டமும் உண்டு. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தென்பட்டால், அது விற்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர்தான். பழைய கார்களுக்கும் இது பொருந்தும். முழுக்க முழுக்கத் தொழிலுக்காக வாங்கிய வேனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே, வேன் வைத்துத் தொழில் செய்வோருக்கு உத்தரவாதக் கையேடும் ரசீதுகளும் கூடுதல் முக்கியம்.

சிஓஇ காலமான பத்து ஆண்டுகளில், உத்தரவாதம் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குத்தான். அந்தச் சில ஆண்டுகளில் எங்கே பராமரிப்பது என்பதை விலை, வசதி, மெக்கானிக்கின் மீதுள்ள நம்பிக்கை ஆகியவற்றை வைத்து முடிவு செய்யலாம். பயத்தை வைத்து முடிவு செய்யத் தேவையில்லை. எந்தப் பட்டறையானாலும், வண்டியை எடுக்கும் முன் ரசீதில் பாக எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.