இந்தக் கம்ப்யூட்டரில் தயாரித்து அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ்

ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு லினக்ஸ் புரோகிராமை ராஸ்பெர்ரி பை போர்டில் காப்பி செய்தால் அது ஓடாது. இரண்டிலும் லினக்ஸ்தானே, ஏன் ஓடவில்லை? காரணம் ப்ராசஸர். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள் எக்ஸ்86 வகை. ராஸ்பெர்ரி பையில் இருப்பது ஏஆர்எம் வகை. ஒன்றின் கட்டளைகள் மற்றொன்றுக்குப் புரியாது.

புரோகிராமர் எழுதும் சோர்ஸ் கோடை ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். சாதாரண கம்பைலர், தான் இயங்கும் ப்ராசஸர் வகைக்கே மாற்றித் தரும். வேறு வகைக்கு மாற்றித் தருவது கிராஸ் கம்பைலர். திருச்சி திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் பாய்லர் பாகங்களைச் செய்து, வெளியூர் அனல் மின் நிலையத்தில் பொருத்துகிறார்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

புதிதாக ஒரு ப்ராசஸரை வடிவமைப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியின் அடிப்படையில் 'சக்தி' ப்ராசஸர் வடிவமைக்கப்பட்டது. 2018-ல் அந்தச் சிப்பில் லினக்ஸ் இயங்கியது. புதிய சிப்பில் கம்பைலர் இருக்காது. கம்பைலரை இயக்க ஆபரேட்டிங் சிஸ்டமும் இருக்காது. எனவே அதற்கான முதல் லினக்ஸை வேறு கம்ப்யூட்டரில்தான் தயாரிக்க வேண்டும். லினக்ஸின் சோர்ஸ் கோட் அனைவருக்கும் கிடைப்பதால், இதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

தயாரிக்கும் வரிசை இதுதான்:

1. டூல்செயின்: ஜிசிசி கிராஸ் கம்பைலர், பைன்யூட்டில்ஸ், சி லைப்ரரி ஆகியவை அடங்கிய தொகுப்பு.

2. கெர்னல்: எந்த ப்ராசஸர் வகை என்று குறிப்பிட்டு, இந்த டூல்செயினால் கம்பைல் செய்ய வேண்டும்.

3. ரூட் ஃபைல் சிஸ்டம்: கட்டளைகளும் லைப்ரரிகளும் இருக்கும் பகுதி. பல கட்டளைகளை ஒரே ஃபைலில் தரும் பிஸிபாக்ஸ் இதற்கு உதவும்.

இந்த மூன்றையும் வரிசையாகச் செய்து தரும் இலவசத் தொகுப்பு பில்ட்ரூட். உங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தால் நீங்களும் முயலலாம். போர்டு வாங்கத் தேவையில்லை. க்யூஎமு என்ற இலவச சாஃப்ட்வேர், ரிஸ்க்-ஃபைவ் கம்ப்யூட்டர் ஒன்றை உங்கள் திரையிலேயே உருவாக்கித் தரும். தயாரித்த லினக்ஸை அதில் இயக்கிப் பாருங்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள சிஸ்டம் அப்படியே இருக்கும். முதல் முறை கம்பைல் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், பொறுமை தேவை.

இன்னொரு விஷயம். லினக்ஸ் டவுன்லோட் பக்கங்களில் 'ஏஎம்டி64', 'ஏஆர்எம்64' என்று தனித்தனி ஃபைல்கள் இருக்கும். உங்களுடையது 64 பிட் இன்டெல் ப்ராசஸர் என்றாலும் 'ஏஎம்டி64' ஃபைலையே எடுங்கள். இரண்டு நிறுவனங்களின் ப்ராசஸர்களுக்கும் அது பொருந்தும்.