சிறு தொழில்முறை அலுவலகங்களுக்கான மின்னஞ்சல் முறைமை

சிறு தொழில்முறை அலுவலகங்களுக்கான மின்னஞ்சல் முறைமை என்பது கணக்காய்வாளர், வழக்குரைஞர், கட்டடப் பொறியாளர் முதலானோர் நடத்தும் சிறிய அலுவலகம் ஒன்று மின்னஞ்சல்களைப் பெறவும் அனுப்பவும் சேமிக்கவும் செய்துகொள்ளும் ஏற்பாடு ஆகும். முகவரி, அஞ்சல் வழங்கி, சேமிப்பு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். இம்மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முகவரியின் உரிமை

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்துள்ள கோவிலூர் போன்ற ஊரில், ஐந்து பேர் பணிபுரியும் கணக்காய்வாளர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் தொடங்கியபோது எழுத்தர் ஒருவர் தம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து இலவச மின்னஞ்சல் கணக்கைத் திறந்திருப்பார். கடவுச்சொல் ஐவருக்கும் தெரியும். அவர் வேலையை விட்டுச் சென்ற பின்னர் கடவுச்சொல்லை மீட்க முயன்றால், சரிபார்ப்பு எண் அவருடைய கைப்பேசிக்கே செல்லும். வரித்துறை இணையத்தளங்களில் வாடிக்கையாளர் பலருக்கு அதே முகவரி பதியப்பட்டிருந்தால், அறிவிப்பு வந்ததே தெரியாமல் பதிலளிக்கும் கெடு கடந்துவிடக்கூடும்.

இதற்குத் தீர்வு அலுவலகத்தின் பெயரிலேயே ஓர் ஆள்களப் பெயரைப் பதிவுசெய்வதாகும். இந்தக் கருத்து செட்டிநாட்டுக்குப் புதியதன்று. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் கடை நடத்திய நகரத்தார் தம் நிறுவனத்தைக் குறிக்கும் முதலெழுத்துகளை 'விலாசம்' என்றே அழைத்தனர். கடையை நடத்திய முகவர்கள் பொதுவாக மூன்றாண்டு தவணைக்குப் பின் மாறினர், விலாசம் மாறவில்லை.

ஆள்களப் பெயரை யார் பெயரில் பதிவது என்பதில் கவனம் தேவை. இணையத்தளம் வடிவமைத்துக் கொடுத்தவர் அதைத் தம் பெயரிலேயே பதிந்துகொள்வது பரவலாகக் காணப்படும் தவறு. அவ்வாறாயின் எழுத்தரின் இடத்தில் வடிவமைப்பாளர் அமர்கிறார், அவ்வளவே.

சேவை வழங்குநரை மாற்றுதல்

ஓர் ஆள்களத்துக்கு வரும் அஞ்சலை எந்த வழங்கியிடம் சேர்ப்பது என்பதை ஆள்களப் பெயர் முறைமையில் உள்ள எம்எக்ஸ் பதிவு தெரிவிக்கிறது. அப்பதிவைத் திருத்தினால் புதிய அஞ்சல்கள் வேறு வழங்குநரிடம் செல்லத் தொடங்கும். எழுதுபவர்களுக்கு இம்மாற்றம் தெரியவே தெரியாது.

இதற்கு மிகப்பெரிய எடுத்துக்காட்டு இந்திய நடுவண் அரசு. அதன் மின்னஞ்சல் சேவையை நெடுங்காலம் தேசியத் தகவலியல் மையம் தானே நடத்திவந்தது. 2023இல் ஒப்பந்தம் சோகோ நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2025க்குள் ஏறத்தாழ 12 லட்சம் ஊழியர்களின் அஞ்சல் பெட்டிகள் மாற்றப்பட்டன. முகவரிகள் முன்போலவே அரசின் ஆள்களங்களிலேயே நீடித்தன. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சோகோ, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

வழங்குநரின் ஆள்களத்திலேயே முகவரி வைத்திருப்பவர், வழங்குநரை மாற்றும்போது முகவரியையும் மாற்றியாக வேண்டும். 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் சா சோகோ மின்னஞ்சலுக்கு மாறியபோது புதிய முகவரியைச் சமூக வலைத்தளத்தில் அறிவித்தார். சிற்றூர் அலுவலகம் ஒன்று நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியே சொல்ல வேண்டியிருக்கும்.

இலவசத் திட்டங்கள் நிலையானவை அல்ல. சொந்த ஆள்களத்துக்கான சேவையைக் கூகுள் 2006இல் தொடங்கியது. அதன் இலவசப் பதிப்பில் புதியவர்களைச் சேர்ப்பது 2012 திசம்பரில் நின்றது. ஏற்கெனவே பயன்படுத்திவந்த வணிகங்கள் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

சொந்த வழங்கி

போசுட்பிக்சு போன்ற திறவூற்று மென்பொருளைக் கொண்டு அலுவலகத்திலேயே அஞ்சல் வழங்கி அமைக்கலாம். மின்வெட்டு நேர்ந்தால் அஞ்சல்கள் தொலைந்துவிடும் என்ற அச்சம் மிகையானது: அனுப்பும் வழங்கி பொதுவாகச் சில நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும். உண்மையான இடர் வெளிச்செல்லும் அஞ்சலில் உள்ளது. இணைய இணைப்பு தருவோர் பலர் அஞ்சலுக்குரிய 25ஆம் துறையை அடைத்துவைக்கின்றனர். அதைத் தாண்டினாலும், அறிமுகமற்ற இணைய முகவரியிலிருந்து வரும் அஞ்சல் எரிதமாகக் கருதப்படலாம். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புநரை உறுதிசெய்யும் எசுபிஎப், டிகேஐஎம் பதிவுகளை வலியுறுத்துகின்றன. முழுநேரக் கணினிப் பணியாளர் இல்லாத அலுவலகத்துக்குச் சொந்த வழங்கி பொருந்தாது எனலாம்.

சேமிப்பு

பாப் நெறிமுறையில் இயங்கும் மென்பொருள் வழக்கமாக அஞ்சலை ஒரு கணினிக்கு இறக்கிய பின் வழங்கியிலிருந்து நீக்கிவிடும். அந்த வன்தட்டு பழுதானால் அஞ்சலும் போய்விடும். ஐமேப் நெறிமுறையில் அஞ்சல் வழங்கியிலேயே தங்குவதால் பலர் பல கருவிகளில் பார்க்கலாம். ஆனால் ஒருவர் அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அழியும். ஆகவே ஐமேப் காப்புப்படிக்கு மாற்றாகாது. தனியே ஒரு படி தேவை.

வழக்குரைஞர் அலுவலகங்களுக்கு இது கூடுதல் முதன்மை உடையது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். அச்சான்றிதழ்ப் படிவத்தில் பதிவின் ஆசு மதிப்பைக் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இம்மதிப்பு மாறிவிடும் என்பதால், அஞ்சலை அச்சிட்டு மட்டும் வைத்திருந்தால் போதாது. மூலக் கோப்பே வேண்டும்.