மூடினால் ஒரு கடிதம், விட்டுவைத்தால் 26 கோடி பவுண்டு

பிரிட்டனின் வங்கிகள் 2016–17இல் தாமாக முடிவெடுத்து மூடிய கணக்குகள் சுமார் 45,000. 2021–22இல் அது 3,43,000ஐத் தாண்டியது. ஐந்தே ஆண்டில் ஏழரை மடங்கு. வேலை நாள் ஒன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல். இதற்கான காரணம் வங்கியின் பேரேட்டில் இருக்கிறது.

சந்தேகக் கணக்கை விட்டுவைத்தால்: பிராட்ஃபோர்டில் ஃபௌலர் ஓல்ட்ஃபீல்ட் என்றொரு நகை வியாபார நிறுவனம். நாட்வெஸ்ட் வங்கியில் கணக்கு தொடங்கும்போது அது சொன்ன ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி பவுண்டு. சுமார் 5 ஆண்டில் கணக்கில் விழுந்ததோ 36.5 கோடி, அதில் 26.4 கோடி ரொக்கம். வால்சால் கிளைக்குப் பணம் கறுப்புக் குப்பைப் பைகளில் வந்து இறங்கியது. பாரம் தாங்காமல் பை கிழிந்ததால் வேறு பைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இதைத் தடுக்கத் தவறிய வங்கிக்கு 2021 டிசம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் 26.48 கோடி பவுண்டு.

மூடினால்: ஒரு கடிதம். 2026 ஏப்ரல் 28க்கு முன் செய்த ஒப்பந்தங்களுக்கு 2017ஆம் ஆண்டு விதிப்படி 2 மாத நோட்டீஸ் போதும். காரணம் சொல்லும் கட்டாயம் இல்லை. கறுப்புப்பணச் சந்தேகம் என்றால் வாய்திறக்கவே கூடாது: அதிகாரிகளுக்குப் புகார் போன சேதியை வாடிக்கையாளரிடம் கசியவிட்ட ஊழியருக்கு 2 ஆண்டு வரை சிறை.

அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் 2023இல் தன் கணக்கு மூடப்பட்டதைச் சர்ச்சையாக்கினார். அது நாட்வெஸ்ட்டின் துணை வங்கியான கூட்ஸில் இருந்தது; அங்கே கணக்கு வைக்க அப்போது 10 லட்சம் பவுண்டு கடனோ முதலீடோ, அல்லது 30 லட்சம் சேமிப்போ வேண்டியிருந்தது. அவரைப் பற்றி வங்கி எழுதிவைத்த 40 பக்கக் கோப்பில் அவருடைய அரசியல் கருத்துகளும் இருந்தன. இந்தச் சர்ச்சையில் ஜூலை 26இல் நாட்வெஸ்ட் தலைமை அதிகாரி அலிசன் ரோஸ் பதவி விலகினார்.

சிறு வியாபாரிகளுக்காக யாரும் பதவி விலகவில்லை. நாடாளுமன்ற நிதிக் குழு திரட்டிய விவரப்படி, பெரிய வங்கிகளில் அவர்களுக்கிருந்த 53 லட்சம் கணக்குகளில் 1.4 லட்சத்துக்கு மேல் ஓராண்டில் மூடப்பட்டன. ஆயிரத்துக்கு 27.

பரிகாரமும் உண்டு. 9 பெரிய வங்கிகள் அடிப்படைக் கணக்கு தந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; ஆனாலும் 2022இல் வங்கிக் கணக்கில்லாத வயதுவந்தோர் 11 லட்சம் பேர். 2026 ஏப்ரல் 28 முதல் செய்யும் ஒப்பந்தங்களுக்கு 90 நாள் நோட்டீஸ், எழுத்தில் காரணம் என்று விதி மாற்றப்பட்டது. குற்றச் சந்தேகத்துக்கு அதிலும் விலக்கு.

நோட்டீஸ் ஒரு மாதம் நீண்டது, பேரேடு மாறவில்லை. தவறாக விட்டுவைத்ததற்கு விழும் அபராதத்தில் பத்திலொரு பங்காவது தவறாக மூடியதற்கும் விழாதவரை, வங்கி கடிதத்தைத்தான் தேர்ந்தெடுக்கும்.