சந்தேக வியாபாரம்

பூமியின் உஷ்ணம் ஏறி வருகிறது, அதற்குக் காரணம் மனிதனே என்பதில் இத்துறை விஞ்ஞானிகளிடையே இன்று அபிப்பிராய பேதம் இல்லையென்றே சொல்லலாம். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் ஜனங்கள் இதைப் பற்றி இரு கட்சியாகப் பிரிந்து நின்று வாதாடுகின்றனர். உலகின் தலைசிறந்த ஆராய்ச்சிச் சாலைகள் பல உள்ள தேசத்தில் இந்த விபரீதம் எவ்வாறு நேர்ந்தது?

விஷயம் புதிதன்று. கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் என்பதை ஜான் டிண்டால் 1859-ல் பரிசோதனையால் கண்டார். அவ்வாயு இருமடங்கானால் பூமி எவ்வளவு சூடேறும் என்று ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896-ல் கணக்கிட்டார். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாயித் தீவில் மௌனா லோவா மலைமீது அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் அவ்வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

சூரியனே காரணம் என்பார் சிலர். அவ்வாறாயின் வாயுமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். கீழடுக்கு சூடேற, மேலடுக்கு குளிர்ந்து வருவதையே கருவிகள் காட்டுகின்றன. கரியமில வாயு மிகுந்தால் நேர வேண்டுவது இதுவே.

1993 முதல் 2003 வரை வெளியான 928 ஆராய்ச்சிக் கட்டுரைகளின் சுருக்கங்களை நவோமி ஒரெஸ்கஸ் என்ற அம்மையார் பரிசீலித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார். மனிதனே காரணம் என்ற முடிவை மறுத்த கட்டுரை அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

பின் சந்தேகம் எங்கிருந்து வந்தது? 1977-ல் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருளால் நேரும் இந்த அபாயத்தைத் தம் எஜமானர்களுக்கே எடுத்துரைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1997-ல், அக்கம்பெனியின் தலைவர் லீ ரேமண்ட், பூமி முன்னைவிடக் குளிர்ந்திருப்பதாகப் பீஜிங் மகாநாட்டில் பேசினார்! வீட்டுக்குள் அறிந்த உண்மை வீதிக்கு வரும்போது சந்தேகமாகிவிட்டது. சிகரெட்டுக் கம்பெனிகள் முன்பே காட்டிய வழி இது. சந்தேகமே தங்கள் சரக்கு என்று அத்தகைய கம்பெனியொன்றின் 1969-ஆம் வருஷத்துக் குறிப்பு வெட்கமின்றிக் கூறிற்று.

பெரும்பான்மையோர் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா, கலிலியோ தனித்து நிற்கவில்லையா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் கலிலியோவுக்கு வெற்றி தந்தது அவரது தனிமையன்று. தூரதிருஷ்டிக் கண்ணாடியில் அவர் கண்ட சாட்சியம். அத்தகைய சாட்சியத்தை மறுப்போர் கொண்டுவரட்டும், விஞ்ஞானம் வரவேற்கும்.

ஜனநாயகத்தில் நமக்குள்ள பற்று யாருக்கும் குறைந்ததன்று. ஆயினும் எது வோட்டுக்கு உரியது, எது உரியதன்று என்று பகுத்தறியாத ஜனநாயகம் நிலைக்காது. பூமி சூடேறுகிறதா என்பதைத் தெர்மாமீட்டர் தீர்மானிக்கும். அதற்கு என்ன செய்வது, செலவை யார் ஏற்பது, எத்தொழிலுக்கு எவ்வளவு அவகாசம் தருவது என்பனவற்றை ஜனங்களே தீர்மானிக்க வேண்டும். அங்கே அபிப்பிராய பேதம் இயற்கை, அவசியமுங்கூட. முதல் கேள்வியைக் குழப்பிவிட்டவர்கள், இரண்டாவதை விவாதிக்கும் உரிமையையே ஜனங்களிடமிருந்து பறித்துவிட்டனர்.

பலன் கண்கூடு. 1997-ஆம் வருஷத்துக் கியோட்டோ ஒப்பந்தத்தை அமெரிக்கா அங்கீகரிக்கவேயில்லை. 2015-ஆம் வருஷத்துப் பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாக ஜனாதிபதி டிரம்ப் 2017-ல் அறிவித்தார். 2021-ல் அமெரிக்கா திரும்பச் சேர்ந்தது. 2025-ல் அவரே மறுபடியும் விலக ஆணையிட்டார். இதுவரை மற்றெல்லாத் தேசங்களைவிடவும் மிகுதியாகக் கரியமில வாயுவை வெளியிட்ட தேசம் அதுவே. அவ்வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் ஆகாயத்தில் தங்கும். ஆகவே, வீணாகும் ஒவ்வொரு வருஷத்தின் பாரமும் பேரப்பிள்ளைகள் தலையில் விழும்.

சந்தேகம் அறிவின் வாயில். அதை நாம் இகழோம். விலைக்கு வாங்கிய சந்தேகமோ அறிவுக்குப் போட்ட பூட்டு. இனி எவரேனும் நம்மிடம் ஒரு சந்தேகத்தை நீட்டினால், அதை விற்றவர் யார், லாபம் யாருக்கு என்று முதலில் கேட்போமாக!