செவியினுள் ஒரு குளம்

மாரிகாலத்தில் இரணைமடுக் குளம் நிரம்பி அலை கட்டில் மோதுவதைக் கண்ட கிளிநொச்சி வாசிகளுக்கு, உட்செவியின் நோயொன்றை விளங்கவைத்தல் எளிது. பட்டாணிக் கடலையளவேயான நத்தைச்சுருளினுள்ளே மெல்லிய சவ்வுகளாற் பிரிக்கப்பட்ட அகநிணநீர், புறநிணநீர் என்னும் இரு நீர்கள் உள. அவற்றுள் அகநிணநீர் மிகுந்து சவ்வு புடைத்தெழும்போது, காது அடைத்து, இரைந்து, உலகமே சுழல, மனிதன் சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிடுகின்றான். நம்மவர் பித்தம் என்பர். வைத்தியரோ, இத்தகைய தலைச்சுற்று செவியிலே பிறப்பதென்று 1861இல் எடுத்துரைத்த பிரெஞ்சு வைத்தியர் மெனியேரின் பெயரை அதற்கு இட்டனர்.

அந்நீர்ப்பெருக்கு 1938இல் லண்டனிலும் ஜப்பானிலும் கண்டறியப்பட்டது உண்மையே. ஆயினும் கண்டது இறந்தோரின் செவியெலும்பை அறுத்தன்றோ! உயிருள்ளவர் செவியில் அதனைக் காண, ஜப்பானின் நகோயா சர்வகலாசாலையார் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் கொண்டு 2007இல் வழிகாட்டும்வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்கள் கடோலினியம் என்னும் உலோகஞ் சேர்ந்த மருந்தைச் செவிப்பறையினூடே செலுத்தி, மறுநாட் படம் பிடித்தனர். இக்காலத்திலோ அதனைக் கைநாளத்தில் ஏற்றி நான்கு மணி நேரம் பொறுத்திருந்தாற் போதும். மருந்து புறநிணநீரிற் கசிந்து அதனை வெண்மையாக்கும், அகநிணநீருட் புகமாட்டாது. ஆகையால் வெண்மைக்கு நடுவே கருமை எவ்வளவு பரந்துள்ளதோ, அவ்வளவே குளத்தின் பெருக்கமெனக் கொள்ளலாம். சம்மட்டி அடிப்பதுபோல் இடிமுழக்கஞ் செய்யும் இயந்திரத்துள், காதடைப்பான் செருகிச் செவிநோயாளியையே கிடத்துவது ஒரு வேடிக்கைதான்.

வன்னியிலோ, இம்மருந்தை ஏற்றுமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் அளவை இரத்தத்திற் பார்த்தல் வெறுஞ் சம்பிரதாயமன்று. கடோலினியம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் மிகவும் பழுதுற்றோர்க்கு, இவ்வகை மருந்துகளுட் சில தோலை இறுகச்செய்யுங் கொடிய நோயை விளைத்ததுண்டு. காரணந் தெளியாத சிறுநீரக நோயோ வவுனியாப் பக்கத்துக் கமக்காரரிடையே புதியதன்று.

கவனிக்கவேண்டிய மற்றொன்று, 2009 வரை நீடித்த யுத்தம் உடலில் விட்டுச்சென்ற இரும்பு. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தினும் பல்லாயிரம் மடங்கு வலியதாதலின், கண்ணருகிலோ முள்ளந்தண்டருகிலோ தங்கிய சன்னம் அசைந்து ஊறு செய்யலாம். சன்னத்தோடு வாழ்வோர் யாவரையும் விலக்குவதில்லை. எங்கே, எவ்வளவு என்பதை முதலில் எக்ஸ்றே படத்திற் பார்த்தே தீர்மானிப்பர். ஆயினும் நோவாது கிடக்கும் துண்டை ஆண்டுகள் செல்லச்செல்ல மறந்துவிட்டோரும் உளர், ஆதலின், “உடம்பில ஏதும் சன்னம் கிடக்கோ?” என்று கேட்கப்படும்போது, பழைய தழும்புகளையெல்லாம் ஒருமுறை தடவிப் பார்த்தே விடைசொல்லல் வேண்டும்.