ஈரம் வெளியேறும் வழி: நீலகிரியின் பழைய வீடுகளில் குளியலறைப் புதுப்பிப்பு

நீலகிரியின் பழைய வீடுகளில் குளியலறையைப் புதுப்பிக்கும் வேலை, சமவெளியில் நடப்பதுபோல டைல்ஸையும் குழாய்களையும் மாற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையிலும் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரிலும், மூடுபனி இறங்கும் மாதங்களில் கொடியில் போட்ட துணியே நாள்கணக்கில் காய்வதில்லை. அன்றாடம் நீர் படும் ஓர் அறையின் சுவர் மட்டும் தானாக உலர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கூடலூரையும் பந்தலூரையும் நனைத்த தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. ஆகவே இங்கு முதலில் கேட்கவேண்டிய கேள்வி, உள்ளே வந்த நீரும் ஆவியும் கழிவும் எந்த வழியாக வெளியேறுகின்றன, வெளியேறியபின் யாருடைய நிலத்தில் போய்ச் சேர்கின்றன என்பதே.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் உதகையில் எழுப்பிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. அதைத் தொடர்ந்து ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்ட உரிமையாளர்களும் கட்டிக்கொண்ட பங்களாக்களில் படுக்கையறையை ஒட்டியே குளியலறை அமைந்தது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று படுக்கையறைக்குள் திறக்கும். மற்றது கொல்லைப்புறத்துக்குத் திறக்கும். குழாய்நீரும் கழிவுநீர்ப் பாதையும் இல்லாத காலத்தில், வெளியே விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீர் அந்தக் கொல்லைக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது. மரப்பெட்டிக்குள் வைத்த மலச்சட்டி அதே கதவு வழியாக வெளியே போனது. பங்களாவின் சுகம் முழுவதும், ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில் சுமத்தப்பட்ட இழிவின்மீது நின்றது என்பதை அந்த இரண்டாவது கதவு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. உலர் கழிப்பிடங்களையும் மனிதர் கையால் மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை மேலும் விரிவாக்கியது. புதுப்பிக்கும்போது பலரும் அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். வெளிச்சுவரில் ஏற்கெனவே உள்ள அந்தத் திறப்பை அகலமான சன்னலாக மாற்றி, காற்றும் வெயிலும் வரவிடுவது நல்லது.

பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தாலோ மண் சாந்தாலோ கட்டப்பட்டவை. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சி, காற்று வறண்டிருக்கும் நேரத்தில் மெல்ல வெளியே விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் அழுத்தமான சிமென்ட் பூச்சும் கூரைவரை டைல்ஸும் ஏற்றிவிட்டால், மயிரிழை விரிசல்கள் வழியே உட்புகும் நீருக்குத் திரும்பிவர வழியில்லாமல் போகிறது. அது சுவருக்குள்ளேயே மேலேறி, மறுபக்கத்துப் படுக்கையறையில் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும் ஓதமாக வெளிப்படுகிறது. குளியலறையில் செய்த தவற்றுக்குப் படுக்கையறைப் பெயின்ட்டைக் குறை சொல்லி, ஆண்டுதோறும் பூசிக்கொண்டிருக்கும் வீடுகள் மலையில் பல உண்டு. சிமென்ட் பூச்சைக் கொத்தியெடுத்து, வறட்சியான பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான நாள்களில் சுவரைச் சில வாரங்கள் வெறுமனே உலரவிட்டு, நீர் நேரடியாகத் தெறிக்கும் பகுதிக்கு மட்டும் டைல்ஸ் பதித்து, அதற்கு மேலே மீண்டும் சுண்ணாம்பே பூசுவது காலம் பிடிக்கும் வேலைதான். ஆயினும் அதுவே நிலைக்கும் வேலை. தரைக்கு நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்தபின், வடிகால் வாயை அடைத்து ஒரு முழு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் டைல்ஸ் பதிக்கக் கூடாது. கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் தரைச்சரிவு வடிகாலை நோக்கிச் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மாடியில் மரப்பலகைத் தளம் உள்ள வீடுகளில் எடையும் ஒரு கேள்வி. கால்கள் கொண்ட பழைய வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி வெறுமையாகவே நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். நீரும் ஆளும் சேர்ந்தால் அது பல மடங்காகிறது. உத்திரங்களின் முனை, சுவருக்குள் நுழையும் இடத்தில் உளுத்திருக்கிறதா என்று குத்திப் பார்த்த பிறகே தொட்டியை அங்கு வைத்திருப்பதா கீழே இறக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

வெந்நீர் இல்லாத குளியலை மலையில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நடுவே புகைக்குழாய் ஓடும் செம்புப் பாய்லர் வீட்டுக்கு வெளியே எரிந்த காலத்தில் அதன் புகை யாரையும் கொல்லவில்லை. இன்று குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்புகளையும் அடைத்த சிறு குளியலறைக்குள் கேஸ் கீசரைப் பொருத்துவது உயிருக்கே ஆபத்தானது. எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காதபோது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகி, குளிப்பவரை மயக்கத்தில் வீழ்த்திவிடும். கேஸ் கீசரை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். மின் கீசரானால் பழைய வயரிங்கை மாற்றி, எர்த் இணைப்பைச் சோதித்த பிறகே இயக்க வேண்டும். ஆவியை வெளியேற்ற மின்விசிறி வைப்பவர்கள் கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி விடவேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாத அறையிலிருந்து எந்த விசிறியாலும் ஆவியை இழுக்க முடியாது.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளின் நிலை முற்றிலும் வேறு. வரிசையாக, ஒன்றையொன்று ஒட்டிக் கட்டப்பட்ட அந்த வீடுகளில் பலவற்றுக்குக் குளியலறையே கிடையாது. வீட்டு மூலையில் ஒரு சாக்குத் திரை, வரிசையின் கோடியில் பொதுக் கழிப்பறை, அவ்வளவே. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக வகுத்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்க உருவான அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் குடியிருப்புகளும் இன்று பழைய வீடுகளாகிவிட்டன. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானையும், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் கரடியும் காட்டெருமையும் வீட்டு வாசல்வரை வருகின்றன. இரவில் கழிப்பறைக்காக ஒரு பெண் தேயிலைச் செடிகளுக்கிடையே நடக்கவேண்டியிருப்பது நிச்சயமாகச் சிறிய குறையன்று. பங்களாவின் தொட்டிக்குப் பளபளப்பு ஏற்றுவதைவிட, லைன் வீட்டின் பின்புறம் கதவுள்ள ஒரு குளியலறையைக் கட்டுவதே இம்மலையில் முதலில் நடக்கவேண்டிய புதுப்பிப்பு.

அதைக் கட்டும்போது சரிவை மறக்கக் கூடாது. வீட்டின் பின்புறம் பெரும்பாலும் வெட்டிய மண்மேடாக இருப்பதால், புதிய சுவர் மண்ணில் சாய்ந்து நின்றால் மழைநீர் முழுவதும் அதற்குள் இறங்கும். மேட்டுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விட்டு, அதில் கல்வாய்க்கால் அமைத்து, தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறும் துளைகள் வைக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் எனப்படும் மலக்கழிவுத் தொட்டி கசடைத் தேக்கிவைத்து, தெளிந்த நீரை மட்டும் வெளியே விடும் அமைப்பு. அந்த நீரை மண்ணுக்குள் விடுவது உறிஞ்சு குழி. குடிநீர் ஆதாரத்திலிருந்து உறிஞ்சு குழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஆனால் அந்த அளவு மட்டும் மலைச்சரிவுக்குப் போதாது. மேல் வீட்டின் உறிஞ்சு குழி கீழ் வீட்டின் ஊற்றுக்கண்ணுக்கு நேர் மேலே இருந்தால் கழிவு தாழ்வை நோக்கியே இறங்கும். உதகையின் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியே ஏரியில் கலந்ததை ஊரே கண்ணால் பார்த்தது. மண்ணுக்குள் நடக்கும் கலப்பைப் பார்ப்பதற்கில்லை. நீரூறிக் கனத்த சரிவுகள் 2009 நவம்பர் மழையில் சரிந்து, 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தகைய மண்ணில் நாள்தோறும் குளியல் நீரையும் சேர்த்து விடுவது அறிவுடைமையாகாது. உதகையில் பாதாளச் சாக்கடை எட்டும் தெருக்களில் அதோடு இணைத்துவிடலாம். எட்டாத இடங்களில் தொட்டியை, கசடு உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டும் தூரத்தில், மூடியைத் திறக்க வசதியாக அமைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலிசெய்ய வேண்டும். லாரி எட்டாத பள்ளத்தில் தொட்டியைக் கட்டினால், நிறைந்துவிட்ட நாளில் யாரையேனும் அதற்குள் இறக்கச் சொல்லும் நெருக்கடி வரும், அப்படி இறக்குவது சட்டப்படி குற்றம்.